ரக்கூன் போட்டி கொலைப் போட்டியன்று

ரக்கூன் என்னும் மரமேறும் சிறு விலங்கை வேட்டைநாய்கள் மோப்பம் பிடித்துத் தேடும் அமெரிக்க இரவுநேரப் போட்டிகளில், நாய்கள் அதைக் கடித்துக் குதறுவதாகவும், அதிகம் கொன்றவரே வெல்வதாகவும் சிலர் சொல்வது தவறு. நாய் இனங்களைப் பதிவுசெய்து போட்டிகளும் நடத்தும் யுனைடெட் கென்னல் கிளப் என்ற அமெரிக்க அமைப்பின் விதிகளின்படி நடக்கும் போட்டிகளில் ரக்கூனைக் கொல்லவே அனுமதியில்லை. மதிப்பெண் முழுவதும் நாயின் மோப்பத்துக்கும் குரலுக்கும்தான்.

ஒரு குழுவில் பெரும்பாலும் நான்கு நாய்கள் அவிழ்த்துவிடப்படும். இருட்டில் நாய் கண்ணுக்குத் தெரியாது என்பதால், தடம் பிடித்துக் குரைப்பது தன் நாய்தான் என்று உரியவர் குரலை வைத்தே அடையாளம் கண்டு அறிவிக்க வேண்டும். முதலில் அறிவிக்கப்படும் நாய்க்கு 100 புள்ளிகள். ரக்கூன் மரமேறியதும், நீட்டி முழங்கிய குரைப்பு பெரும்பாலும் அடுத்தடுத்து ஒலிக்கும் குறுகிய வெட்டுக் குரைப்பாக மாறும். அந்த மாற்றத்தைக் காதால் பிரித்தறிவது எளிதன்று, என் பார்வையில் இந்த விளையாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. மரத்தடியில் நின்று குரைப்பதாக முதலில் அறிவிக்கப்படும் நாய்க்கு 125 புள்ளிகள். பிறகு விளக்கடித்துத் தேடுவார்கள்: ரக்கூன் தென்பட்டால் புள்ளிகள் சேரும், மரம் வெறுமையாக இருந்தால் அதே புள்ளிகள் கழியும், பொந்தோ அடர்ந்த இலையோ மறைத்தால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. நாய்களைக் கயிற்றில் பிடித்து அப்பால் கொண்டுபோவார்கள். ரக்கூன் கிளையிலேயே இருக்கும்.

போட்டிக்கு வெளியே, மாநிலங்கள் அறிவிக்கும் வேட்டைப் பருவத்தில் உரிமம் பெற்றவர்கள் ரோமத்துக்காகவும் இறைச்சிக்காகவும் சுடுவது உண்மை. அதை எதிர்ப்பவர்கள் தாராளமாக எதிர்க்கலாம். ஆனால் அந்த வேட்டையையும் இந்தப் போட்டியையும் ஒன்றாக்கிப் பேசுவது சரியன்று.