ஹாஸ்டலில் போட்டால் சரியாகிற விஷயமில்லை இது

"நாமக்கல் பக்கம் ஏதாச்சும் ஹாஸ்டல்ல போட்டுடு கண்ணு, நாலு அடி விழுந்தா நேராயிருவான்." போன வாரம் அவிநாசியில் ஒரு சீர் வீட்டில் பெரியம்மா சொன்னது. அக்கறையில்தான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்த நாலு அடியை இரண்டு வருஷம் நானே அடித்துப் பார்த்துவிட்டேன்.

பையனுக்கு இப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "ஷூவைக் கழட்டு, டிபன் பாக்ஸை எடுத்துப் போடு, கை கால் கழுவிட்டு வா" என்பேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் ஒற்றைக் கால் ஷூவோடு ஜன்னலோரம் நின்று எதிர்த் தறிக்குடோனைப் பார்த்துக்கொண்டிருப்பான். முதுகில் ஒன்று வைப்பேன். "மறந்துட்டேம்மா" என்று அழுவான். பொய் சொல்கிறான் என்றே நினைத்தேன். அவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான். அவனுக்கு ஏடிஎச்டி (ADHD) இருக்கிறது, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத, சில பிள்ளைகளுக்குத் துறுதுறுப்பும் அதிகமாக இருக்கிற குறைபாடு.

ஏடிஎச்டி மூளை வளர்ச்சி சார்ந்தது, பரம்பரைக்கும் அதில் பெரிய பங்குண்டு. வளர்ப்புக் கோளாறு இல்லை. இந்தக் காலத்து வியாதியும் இல்லைங்க, 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உரையாற்றியிருக்கிறார். நூறு பிள்ளைகளில் சுமார் 5 பேருக்கு இருக்கிறது. சேட்டையே பண்ணாமல் கனவு கண்டபடி உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இருக்கலாம். அவர்களை யாரும் கவனிப்பதே இல்லை, அதுதான் கொடுமை.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதிலும் இது தெரியாது. டாக்டர் முதலில் காதையும் கண்ணையும் பார்க்கச் சொன்னார். அப்புறம் வீட்டிலும் வகுப்பிலும் அவன் எப்படி இருக்கிறான் என்று எங்களையும் டீச்சரையும் தனித்தனியாகக் கேட்டார். இந்த அறிகுறிகள் ஆறு மாதத்துக்கு மேல், இரண்டு இடத்திலும் இருக்க வேண்டுமாம், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்கவும் வேண்டுமாம்.

ஆறு வயதுக்குக் கீழே என்றால் முதல் சிகிச்சை, பிள்ளையை எப்படிக் கையாள்வது என்று அப்பா அம்மாவுக்குக் கொடுக்கும் பயிற்சிதான். இவனுக்கு அதோடு, கவனம் நிற்க உதவும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரையும் கொடுக்கிறோம். பயந்தேன், மறைக்கவில்லை. பசி குறைந்தது நிஜம். அதனால் காலையில் வயிறு நிறைய இட்லி கொடுத்துவிட்டுத்தான் மாத்திரை. ஒவ்வொரு முறை போகும்போதும் எடையும் உயரமும் பார்க்கிறார்கள்.

இப்போது வீட்டுக்குள் வந்ததும் "ஷூ" என்று மட்டும் சொல்கிறேன். கழட்டி வைத்ததும், "அடடா, வெச்சுட்டியே சாமி" என்கிறேன். அதற்கப்புறம்தான் டிபன் பாக்ஸ்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் அடிக்காதீங்க, ஒரு முறை டாக்டரிடம் காட்டுங்க. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் இலவசமாகப் பேசலாம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்க, கூட வர்றேன்.