"லோக்கல் கிளப்"தான், அதற்கென்ன இப்போது?

அயர்லாந்தில் இருக்கிற நம் கார்க் தமிழ் வாட்ஸப் குழுவில், இந்த ஊர் க்ளென் ரோவர்ஸ் கிளப்பைப் பற்றி நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வளைந்த மட்டையால் பந்தை அடித்து ஆடுகிற ஹர்லிங் என்ற ஐரிஷ் விளையாட்டின் கிளப் அது. பார்க்காதவர்களுக்கு ஸ்க்ரீன்ஷாட் எப்படியும் வந்து சேர்ந்திருக்கும். "கட்டையை வச்சு அடிச்சுக்கிற லோக்கல் கிளப்புக்கு என்ன பெரிய வரலாறு?" என்ற அந்த ஒரு வரிக்கும், அதன் கீழே வரிசையாக விழுந்த சிரிப்புப் பொம்மைகளுக்கும்தான் இந்தப் பதிவு.

வரலாறு இருக்கிறது. நிறையவே இருக்கிறது. க்ளென் ரோவர்ஸ் 1916-ல் ஆரம்பித்த கிளப். டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஈஸ்டர் எழுச்சி நடந்து, அதன் தலைவர்களை பிரிட்டிஷ்காரன் நிற்க வைத்துச் சுட்ட வருஷம் அது. பச்சையும் மஞ்சளுமான சட்டையில் கறுப்பு ஏன் என்று கேட்டால், அது அந்தத் தலைவர்களுக்கான துக்கம் என்று, கிளப் இருக்கிற பிளாக்பூல் பகுதிப் பெரியவர்கள் சொல்வார்கள். 1934-லிருந்து 1941 வரை தொடர்ந்து எட்டு வருஷம் கார்க் கவுண்டி, அதாவது மாவட்ட, சாம்பியன். 1973-லும் 1977-லும் அகில அயர்லாந்து கிளப் சாம்பியன். நாமெல்லாம் ஒரு தடவை ஜெயித்தாலே ஃப்ளெக்ஸ் வைக்கிற ஆட்கள்.

சிரித்த நண்பரே, தினமும் ஆபீஸுக்குப் போகையில் லீ ஆற்றுக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதையில் போகிறீர்களே, அதன் பேர் என்ன? ஜாக் லிஞ்ச். யார் அவர்? இந்த நாட்டுக்கு இரண்டு தடவை பிரதமராக இருந்தவர். அதற்கெல்லாம் முன்னால், நீங்கள் சிரித்த அதே கிளப்பில் கட்டை பிடித்தவர். 1941 முதல் 1946 வரை வருஷம் தவறாமல் அகில அயர்லாந்து பதக்கம்: ஐந்து ஹர்லிங்கில், ஒன்று கேலிக் கால்பந்தில். இனி அந்தச் சுரங்கத்துக்குள் நுழையும்போதாவது ஞாபகம் வரட்டும்.

கிறிஸ்டி ரிங் என்று இன்னொருவர். க்ளாய்ன் கிராமத்திலிருந்து வந்து 1941-ல் க்ளென்னில் சேர்ந்தவர். எட்டு அகில அயர்லாந்து பதக்கம் வாங்கியவர், பிழைப்புக்கு எண்ணெய் லாரி ஓட்டினார். இந்த விளையாட்டில் சம்பளம் கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. 1979-ல் அவர் திடீரென்று இறந்தபோது கல்லறையருகே நின்று இரங்கல் உரை ஆற்றியவர் அப்போது பிரதமராக இருந்த லிஞ்ச். லாரி டிரைவரும் பிரதமரும் ஒரே கிளப் சட்டை போட்டவர்கள். இது வரலாறு இல்லையென்றால் எதுதான் வரலாறு?

ஒருவர் கூகுள் செய்துவிட்டு வந்து, "1989-க்கு அப்புறம் 2015 வரைக்கும் கவுண்டி கோப்பையே ஜெயிக்கலையே" என்று மடக்கினார். ஐயா, நான் சொல்ல வந்ததே அதைத்தான். 26 வருஷம் கோப்பை இல்லை. ஆனாலும் மைதானத்துக்குக் கோடு போட ஆள் வந்தது, சின்னப் பிள்ளைகளுக்கு மழையில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் வந்தது. பத்து பைசா கிடைக்காது. ஜெயிக்காத வருஷங்களிலும் கதவைத் திறந்து வைத்திருந்தார்களே, அந்த வரலாற்றைச் சொல்கிறேன்.

என் மகள் கமோகி ஆடுகிறாள். ஹர்லிங்தான், பெண்கள் ஆடுவது. முதல் மட்டை வாங்கியபோது ஒரு தாத்தா அதைக் கையில் வாங்கி, மரத்தின் ரேகை மேல் நகத்தை ஓட்டிக் காட்டினார். ஆஷ் மரத்தின் அடியில், வேர் வளைகிற இடத்தில் அறுத்தால்தான் ரேகையும் மட்டையோடு வளைந்து போகுமாம். நேர் ரேகை என்றால் அந்த வளைவிலேயே உடைந்துவிடுமாம். அப்புறம் பிடிக்கு டேப் சுற்றிக்கொண்டே அவள் பேரைக் கேட்டார். மூன்று தடவை தப்பாகச் சொல்லி, நாலாவது தடவை சரியாகச் சொன்னார். நம் ஆட்களே அவளை "அந்த ஹாக்கி பொண்ணு" என்கிறார்கள்.

"ஆபத்தான விளையாட்டு" என்பவர்களுக்கு: 2010-லிருந்து எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். போதும். "கிரிக்கெட்டுக்கு எதிரியா?" என்றும் ஒருவர். இல்லை சாமி, வீட்டில் சிஎஸ்கே சட்டை இருக்கிறது.

"என்ன ஆடினாலும் இவங்க நம்மளை ஏத்துக்கமாட்டாங்க" என்றார் இன்னொருவர். சரி, பஸ்ஸில் என்னைப் பார்த்து "ஊருக்குப் போ" என்றவனும் இந்த ஊர்க்காரன்தான். மறுக்கவில்லை. ஆனால் பொங்கல் விழாவில் என் பெண் கையிலிருந்த மட்டையைப் பார்த்து "என்னம்மா, துடைப்பக்கட்டையா?" என்று கேட்டு நாலு பேரைச் சிரிக்க வைத்தது யார்? அந்த ஊர்க்காரனா? மட்டையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள். அன்றைக்கு ஏற்றுக்கொள்வதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

குழுவில் வந்ததையும் அவள் படித்துவிட்டாள். இங்கே வளர்ந்த பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராது என்று நினைத்து எழுதியிருப்பீர்கள். நன்றாகவே படிக்கிறாள். அட்மின், அந்தப் பதிவை நீக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும்.