அழகப்பா இன்ஜினியரிங் காலேஜுக்கு ஜேஇஇ தேவையில்லை

தேவகோட்டை அண்ணே, "காரைக்குடி அழகப்பா இன்ஜினியரிங் காலேஜில் சேரணும்னா ஜேஇஇ என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதணும், அதனால பிள்ளையை எட்டாவதோட அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து கோச்சிங் உள்ள தனியார் பள்ளியில் போடுங்க" என்று எழுதியிருக்கீங்க. இது தவறு, இதை நம்பி யாரும் டிசி வாங்கிடக் கூடாதுன்னுதான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் மாநில அரசு கவுன்சிலிங்கில் வரும் இன்ஜினியரிங் காலேஜுகளுக்கு நுழைவுத் தேர்வு 2007 சேர்க்கையிலிருந்தே கிடையாது. பிளஸ் டூ கணக்கு மார்க் முழுசா 100, இயற்பியல் வேதியியல் இரண்டும் பாதியாக 50, 50, ஆக 200க்கு கட்ஆஃப். அதை வைத்துத்தான் கவுன்சிலிங். நம்ம அழகப்பா காலேஜும் அதில்தான் வருது.

அதைவிட முக்கியம், ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, மருத்துவத்துக்கு 2020இலிருந்து, இன்ஜினியரிங்குக்கு 2021இலிருந்து, அதில் சேர்ந்தால் கட்டணத்தையும் அரசே கட்டுது. ஒன்பதாவதில் தனியாருக்கு மாற்றினால் அது போச்சு, அப்புறம் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தாலும் கிடைக்காது. வசதியில்லாத வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு!

ஜேஇஇ யாருக்கு வேணும்னா திருச்சி என்ஐடி, ஐஐடி மாதிரி மத்திய அரசு இடங்களுக்குக் குறி வைக்கிறவங்களுக்கு. சிவகங்கை மெடிக்கல் காலேஜ் என்றால் நீட் கட்டாயம், அதில் மாற்றமில்லை. இரண்டுக்கும் பாடம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புடையதுதான், அதனால பத்தாவது வரை கணக்கும் அறிவியலும் புரிந்து படித்தாலே போதும். பிளஸ் ஒன் பாடத்தை மட்டும் அலட்சியமா விட்டுடாதீங்க.