கப்பல் டிப்ஸை எடுத்துவிடச் சொல்பவர்களுக்கு

விடுமுறைக் காலம் நெருங்கினால் எங்கள் ஹூஸ்டன் வாட்ஸ்அப் குழுக்களில் உல்லாசக் கப்பல் (குரூஸ்) போகிறவர்களுக்கு ஓர் அறிவுரை தவறாமல் சுற்றும். "கப்பல் ஏறின முதல் நாளே கெஸ்ட் சர்வீசஸ் கவுண்டருக்குப் போய் டிப்ஸ் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுங்க. நாலு பேர் குடும்பத்துக்கு ஐந்நூறு டாலர் மிச்சம்." அதன் கீழே வரிசையாக நன்றி சொல்லிப் பதில்கள். இந்த முறை அங்கேயே மறுப்பு எழுத உட்கார்ந்தேன். குழுவில் போடும் அளவைத் தாண்டி நீண்டுவிட்டதால் இங்கே போடுகிறேன்.

கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2013 மார்ச்சில் ராயல் கரீபியன் கப்பல் நிறுவனம் ஊழியர்களுக்கான இந்த டிப்ஸை எல்லோர் கணக்கிலும் தானாகவே சேர்க்க ஆரம்பித்தபோது, சாதாரண அறைக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர். 2024 நவம்பரில் அது 18.50 டாலர் ஆனது. சூட் அறைகளுக்கு 21. நார்வீஜியன் நிறுவனம் 2023 ஜனவரியிலேயே 20 டாலருக்குப் போய்விட்டது. அமெரிக்க விலைவாசி 2013-க்கும் 2024-க்கும் இடையில் ஏறியது சுமார் 35 சதவீதம். ராயல் கரீபியனின் டிப்ஸ் ஏறியது 54 சதவீதம். அம்மா, அப்பா, இரண்டு பிள்ளைகள் ஒரே அறையில் ஏழு இரவு போனால் 518 டாலர். பிள்ளைக்கும் அதே 18.50தான்.

விலை ஏறினால் கவனிப்பும் ஏற வேண்டும் அல்லவா? நடந்தது நேர்மாறு. முன்பெல்லாம் கேபின் ஸ்டுவர்ட் காலையில் ஒரு முறை வந்து அறையைச் சுத்தம் செய்வார். நாம் இரவுச் சாப்பாட்டுக்குப் போயிருக்கும்போது மறுபடி வந்து படுக்கையைச் சரிசெய்து, ஈரத் துண்டுகளை மாற்றி, விளக்கை மங்கலாக்கி, தலையணை மேல் சாக்லேட் வைத்து, மறுநாள் நிகழ்ச்சி நிரலை வைத்துவிட்டுப் போவார். கொரோனாவுக்குப் பிறகு பெரிய அமெரிக்க நிறுவனங்களில் சாதாரண அறைக்கு அந்த இரண்டாவது வருகை பெரும்பாலும் போய்விட்டது. நார்வீஜியன் கட்டணத்தை 20 டாலருக்கு ஏற்றியதும் சுத்தம் செய்வதை ஒரு முறையாகக் குறைத்ததும் ஏறக்குறைய ஒரே சமயத்தில். ராயல் கரீபியனில் ரூம் சர்வீஸ் 2017 வரை பகலில் இலவசம். இப்போது எளிய காலைச் சிற்றுண்டி தவிர மற்ற ஒவ்வொரு ஆர்டருக்கும் 7.95 டாலர், அதன் மேல் 18 சதவீத டிப்ஸ் தனி. நள்ளிரவு பஃபே என்று ஒன்று இருந்தது என்று இன்று முதல் தடவை போகிறவர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஆக, காசு கூடியது, கவனிப்பு குறைந்தது. இதுவரை அந்த வாட்ஸ்அப் அறிவுரைக்காரரோடு எனக்குச் சண்டையே இல்லை. அதற்கான தண்டனையை யார் தலையில் இறக்குகிறோம் என்பதில்தான் சண்டை.

பழைய முறையைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருந்தபோது ஹூஸ்டன் பக்கத்துத் துறைமுகமான கால்வெஸ்டனிலிருந்து முதல் தடவை கப்பல் ஏறினோம். அப்போது சாப்பாட்டுக்கு நேரமும் மேசையும் நிரந்தரம். ஏழு இரவும் அதே வெயிட்டர், அதே உதவி வெயிட்டர். முதல் இரவே தலைமை வெயிட்டர் வந்து அம்மாவிடம் முட்டை சேருமா, வெங்காயம் சேருமா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து மெனுவில் இல்லாத பருப்பும் காய்கறிக் கூட்டும் சூடாக அம்மாவுக்குத் தனியாக வந்தன. மூன்றாம் நாள் ஒரு கிண்ணத்தில் தயிரும் சாதமும். யாரும் கேட்கவில்லை, முந்தின இரவு அம்மா தயிரைத் தேடியதை அந்த வெயிட்டர் கவனித்திருக்கிறார். கடைசி நாள் அறையில் காகித உறைகள் வைத்திருப்பார்கள். வெயிட்டருக்கு இவ்வளவு, உதவியாளருக்கு இவ்வளவு, ஸ்டுவர்ட்டுக்கு இவ்வளவு என்று ஒரு பரிந்துரைத் தாளும் கூடவே இருக்கும். எல்லாம் கூட்டினால் ஓர் ஆளுக்கு நாளைக்குப் பத்து டாலர் போல வரும். நாங்கள் உறையில் வைத்து, கையில் கொடுத்து, நன்றி சொல்லிவிட்டு இறங்கினோம். அப்பா அந்த வெயிட்டர் கையைப் பிடித்துக்கொண்டு ஊர், குடும்பம் எல்லாம் விசாரித்தார்.

அந்த உறை போனதற்குக் காரணம் இருக்கிறது. 2000-ல் நார்வீஜியன், இஷ்டப்பட்ட நேரத்தில் இஷ்டப்பட்ட இடத்தில் சாப்பிடலாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். ஏழு இரவும் ஏழு வெவ்வேறு வெயிட்டர்கள் என்றால் உறையை யாரிடம் கொடுப்பது? அதோடு கடைசி இரவு சாப்பிட வராமல் நழுவிவிடுகிற பயணிகளும் இருந்தார்கள், இதையும் சொல்லத்தான் வேண்டும். எனவே நாள் கணக்கில் பிடித்து, பொதுவில் சேர்த்து, பிரித்துக் கொடுக்கும் முறை வந்தது. சமையலறையிலும் சலவைக்கூடத்திலும் இருப்பவர்கள், நம் கண்ணில் படாத ஆட்கள், அவர்களுக்கும் அதிலிருந்து ஒரு பங்கு போகிறது. அந்த வகையில் இது நல்ல மாற்றம்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கப்பலில் எங்கள் அறையைக் கவனித்தவர் திண்டுக்கல் பக்கத்துப் பையன். பெயர்ப் பட்டையில் 'இந்தியா' என்று பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தோம். நாங்கள் இருவரும் தமிழில் ஏதோ சொன்னதைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "தமிழாண்ணே?" என்றார். அதுவரை சார், மேடம். அதற்குப் பிறகு நடைபாதையில் வேறு பயணிகள் இருந்தால் சார், இல்லாவிட்டால் அண்ணன், அண்ணி. கேட்டரிங் படித்தவர். அக்கா கல்யாணக் கடனை அடைக்கக் கப்பலுக்கு வந்தவர். காண்ட்ராக்ட் எட்டு மாதம். அதில் வார விடுமுறை என்று ஒரு நாள் கிடையாது. "நாளைக்கு ஒரு தடவைதான் ரூம் பார்க்கணும்னு ஆனதும் வேலை குறைஞ்சிருக்கும்னு நினைக்கிறாங்கண்ணே. தடவையைக் குறைச்சாங்க, ரூமைக் கூட்டிட்டாங்க" என்றார். ஒரு நாள் முழுக்க யாரும் தொடாத அறை எப்படி இருக்கும், நாலு பேர் இருக்கிற அறையில் மணலும் ஈரத்துணியும் எவ்வளவு சேரும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் பயணிகள் இறங்கும் நாளில், பழைய ஆட்கள் காலையில் இறங்கி, மதியம் புதிய ஆட்கள் ஏறுவதற்குள் அத்தனை அறைகளும் தயாராக வேண்டும்.

டிப்ஸை எடுத்தால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். "சம்பளம்னு தர்றதுல பெரும்பங்கு அதுலேருந்துதாண்ணே வருது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறது. மயாமியிலும் கால்வெஸ்டனிலும் ஆள் ஏற்றும் இந்தக் கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவு செய்து, அந்த நாடுகளின் கொடியில் ஓடுபவை. உலகப் பெரும் கப்பல்களில் ஒன்றான ஐகான் ஆஃப் தி சீஸ் பஹாமாஸ் கொடி. இன்னொரு பெரிய நிறுவனமான கார்னிவல் கார்ப்பரேஷன் பதிவானது பனாமாவில், ராயல் கரீபியன் லைபீரியாவில். அமெரிக்கக் கொடி இல்லாத கப்பலில் வேலை செய்யும் மாலுமிகளுக்கு அமெரிக்கக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. மிஞ்சுவது 2013-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. அது கேட்கும் குறைந்தபட்ச ஓய்வு ஒரு நாளில் 10 மணி நேரம், வாரத்தில் 77 மணி நேரம். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஓய்வைக் கழித்தால் மீதி எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஹவாய்த் தீவுகளுக்குள் மட்டும் சுற்றும் பிரைட் ஆஃப் அமெரிக்கா அமெரிக்கக் கொடியில், அமெரிக்கத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் ஓடுகிறது. அதன் டிக்கெட் விலையைப் பாருங்கள், கரீபியன் கப்பல்களை விட நன்றாகவே தூக்கலாக இருக்கும். நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்கள் கப்பல் ஏற முடிவதே மலிவான உழைப்பால்தான். அந்த மலிவில் பயன்பெற்றுக்கொண்டு, அவர்களுக்கு மிஞ்சும் பங்கையும் கவுண்டரில் போய் வெட்டிவிட்டு வருவதை என்னால் சாமர்த்தியம் என்று ஏற்க முடியவில்லை.

நிறுவனங்கள் கஷ்டத்தில் இருந்தது உண்மை. 2020 மார்ச்சில் கப்பல்கள் நின்றன. அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து மறுபடி பயணிகளோடு கிளம்ப 2021 ஜூன் ஆனது. கார்னிவலின் கடன் 3,000 கோடி டாலரைத் தாண்டியது. அந்த நேரத்தில் சாக்லேட்டையும் இரண்டாவது வருகையையும் நிறுத்தியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2024-ல் ராயல் கரீபியனின் நிகர லாபம் ஏறக்குறைய 290 கோடி டாலர். கார்னிவலுக்கு சுமார் 190 கோடி. கார்னிவலின் அந்த வருட வருமானம் 2,500 கோடி டாலர், அதில் மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கு வெளியே வந்தது. மதுபானப் பேக்கேஜ், வைஃபை, தனிக்கட்டண உணவகம், காசினோ, கரைச் சுற்றுலா. மதுபானப் பேக்கேஜை ஒருவர் வாங்கினால் அதே அறையில் இருக்கும் மற்றப் பெரியவரும் வாங்கியாக வேண்டும் என்கிறார்கள். குடிக்காத மனைவிக்கும் சேர்த்துக் கட்டிய நண்பர்கள் எனக்கு உண்டு. இவ்வளவு பணம் வரும் இடத்தில், அறை துடைப்பவரின் சம்பளம் மட்டும் ஏன் என் தனிப்பட்ட தாராள மனசைப் பொறுத்து இருக்க வேண்டும்?

காரணம் விளம்பர விலை. கலிபோர்னியாவில் 2024 ஜூலை 1 முதல் மறைமுகக் கட்டணங்களைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன் பிறகு கப்பல் நிறுவனங்கள் துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் சேர்த்தே விலை காட்ட ஆரம்பித்தன. நல்ல விஷயம். ஆனால் டிப்ஸ் அதில் வரவில்லை, ஏனென்றால் அது 'கட்டாயம் இல்லை'. கட்டாயம் இல்லாத பணம் எல்லோர் கணக்கிலும் தானாகவே ஏறும். வேண்டாம் என்றால் நாம்தான் வரிசையில் நின்று எடுக்க வேண்டும். நின்று எடுத்தால் நஷ்டம் தொழிலாளிக்கு. எடுக்காவிட்டால் 518 டாலர் செலவு நமக்கு. எந்தப் பக்கம் போனாலும் நிறுவனத்தின் விளம்பரத்தில் விலை குறைவாகவே தெரியும். என்னை உண்மையில் கொதிக்க வைப்பது இதுதான்.

மாற்ற முடியாதா என்றால், மாற்றியிருக்கிறார்கள். இதே கார்னிவல் குழுமத்தைச் சேர்ந்த பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ், 2019 மே மாதம் முதல் டிப்ஸை எடுத்துவிட்டு டிக்கெட் விலைக்குள்ளேயே சேர்த்துவிட்டது. பிரிட்டிஷ் பயணிகளுக்கு டிப்ஸ் பிடிக்காது, அதனால் செய்தார்கள். அதாவது பயணிகள் பிடிவாதமாக இருந்தால் முதலாளிகள் வழிக்கு வருவார்கள். நாம் நம் பிடிவாதத்தைத் தப்பான கவுண்டரில் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

"அப்படின்னா அவங்க விலையை ஏத்திடுவாங்களே" என்று ஒரு நண்பர் கேட்டார். ஏற்றட்டும். முன்பதிவு செய்யும்போதே முழு விலை தெரிந்தால் நான் ஏழு இரவுக்குப் பதில் ஐந்து இரவு போவேன், அல்லது அந்த வருடம் போகாமல் இருப்பேன். அது என் முடிவு. ஏறிய பிறகு ஒரு தொழிலாளியின் கூலியில் கை வைத்து என் பட்ஜெட்டைச் சரிக்கட்ட மாட்டேன்.

கவனிப்பு உண்மையிலேயே மோசமாக இருந்தால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். அன்றைக்கே சொல்லுங்கள். அறை சரியில்லை என்றால் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வையாளரிடம், சாப்பாடு என்றால் தலைமை வெயிட்டரிடம். என் அனுபவத்தில் பெரும்பாலும் அன்றே சரியாகிவிடும். ஆட்களைக் குறைத்ததால் வந்த குறை என்றால் அதை நிறுவனத்துக்கு எழுதுங்கள். பயணம் முடிந்ததும் மின்னஞ்சலில் ஒரு கருத்துக் கேட்பு வரும், பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை. நான் இப்போது ஒவ்வொரு முறையும் அதில் இரண்டு விஷயம் எழுதுகிறேன். ஒன்று, எங்களைக் கவனித்தவர்களின் பெயர். அந்தக் குறிப்புகள் மேலதிகாரிகள் கண்ணில் படும், அடுத்த காண்ட்ராக்டுக்கு உதவும் என்று கப்பலில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு, டிப்ஸை டிக்கெட் விலைக்குள் சேர்த்து, ஊழியருக்கு நிலையான சம்பளமாகக் கொடுங்கள் என்ற கோரிக்கை.

அந்தக் கோரிக்கையை ஆங்கிலத்தில் நாலு வரியாக எழுதி வைத்திருக்கிறேன். முதல் கமெண்ட்டில் போடுகிறேன், அப்படியே நகல் எடுத்துப் பயன்படுத்துங்கள். பிரிட்டன் கப்பல்களில் போனவர்கள் யாராவது இருந்தால், அங்கே டிப்ஸ் இல்லாமல் கவனிப்பு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். கப்பலில் வேலை பார்க்கிற, பார்த்த நம் ஆட்கள் இதைப் படித்தால், நான் சொன்னதில் விட்டுப்போனதைச் சேருங்கள். பெயர் வெளியே வரக்கூடாது என்றால் இன்பாக்ஸில் அனுப்புங்கள், உங்கள் பெயர் இல்லாமல் நானே பதிகிறேன்.