ஆப்பை அழித்தாலும் சந்தா நிற்பதில்லை

போன வாரம் மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாம் கிளம்பிய பிறகும் ஓர் அம்மா வாசலிலேயே நின்றார். தாராவியில் 90 அடி சாலைக்குப் பின்னால் வீடு. விடியுமுன் எழுந்து இட்லி அவித்துக் கணவரிடம் கொடுத்தனுப்பும் குடும்பம். மகள் நான்காம் வகுப்பு. போனை என்னிடம் நீட்டினார். "மாசா மாசம் 399 ரூவா போவுது டீச்சர். அந்த ஆப்பை நான் அப்பவே அழிச்சாச்சு. பொறவு எப்படிப் போவுது?"

ஐந்து மாதம் போயிருக்கிறது. 1,995 ரூபாய்.

பெற்றோர் கூட்டத்தில் "வீட்டில் ஏதாவது ஒரு லேர்னிங் ஆப் போட்டுக் கொடுங்கள்" என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். எது என்று சொல்லவில்லை. தேடியதும் முதலில் வந்ததை இந்த அக்கா இறக்கிக்கொண்டார். ஏழு நாள் இலவசம், இப்போதைக்கு ஒரு ரூபாய் மட்டும் என்று வந்தது. யுபிஐ பின் நம்பரைப் போட்டார். மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ளும் அனுமதியையும் அந்த ஒரு ரூபாயோடு சேர்த்தே கொடுத்துவிட்டோம் என்று அவருக்குத் தெரியாது. மகளுக்குப் பிடிக்கவில்லை என்று ஆப்பை அழித்தார். அனுமதி அப்படியே இருந்தது.

பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தேடிப் பார்த்தேன், ஐந்து மாதமும் தகவல் வந்திருக்கிறது. எல்லாம் ஆங்கிலத்தில், கடன் விளம்பரங்களுக்கு நடுவே. யுபிஐ செயலியில் ஆட்டோபே என்று ஒரு பகுதி இருக்கும். அங்கே போய் ரத்து செய்தால் நிற்கும். இரண்டு நிமிட வேலைதான். ஆனால் போன பணம் திரும்பி வரவில்லை. பிளே ஸ்டோர் வழியாக எடுத்த சந்தா என்றால் பிளே ஸ்டோரிலேயே சந்தாப் பகுதிக்குப் போய் நிறுத்த வேண்டும்.

எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் இருக்கும் கோபத்தைவிடப் பள்ளியின் மேல்தான் அதிகம். தானாகப் பணம் கழியும் வசதியைத் தவிர்க்கச் சொல்லி மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோருக்கு அறிவுறுத்தல் வெளியிட்டது. அதைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி வாசலில் ஒட்டியிருக்கலாமே? "ஏதாவது ஒரு ஆப்" என்று சொல்லி அனுப்புவது கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவது மாதிரி. எந்தப் பாடநூல் என்று பள்ளிதானே சொல்கிறது? செயலியையும் பள்ளிதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பார்த்துச் சொல்வது பெரிய காரியமும் இல்லை. எங்கள் மாலை வகுப்பில் யாரோ கொடுத்த ஆறு பழைய டேப்லெட்கள், 23 பிள்ளைகள். வைஃபை கிடையாது, என் போன் ஹாட்ஸ்பாட்தான். அதனால் நெட் இல்லாமல் ஓடுமா என்பதைத்தான் முதலில் பார்ப்போம். பாதிச் செயலிகள் அங்கேயே கழிந்துவிடும்.

நின்றவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கூகுளின் ரீட் அலாங். பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும், அது கேட்டுக்கொண்டே வந்து தடுமாறும் சொல்லைச் சொல்லிக் கொடுக்கும். தமிழும் உண்டு. கதைகளை ஒருமுறை இறக்கிவிட்டால் அப்புறம் நெட் தேவையில்லை. இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, தெருவில் இந்தி பேசி, ஆச்சியிடம் மட்டும் தமிழ் பேசும் பிள்ளைகள் எங்களுடையவர்கள். அவர்களில் ஒருத்தி ஒரு முழுக் கதையைத் தமிழில் வாசித்து முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வகுப்பு இரைச்சலில் அது சில சமயம் தப்பாகக் கேட்கும். மூலையில் உட்கார வைத்தால் சரியாகிவிடும்.

கதைகளுக்கு பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளம். தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி (GCompris), கணக்கும் எழுத்தும் விளையாட்டாக வரும், விளம்பரம் கிடையாது, யார் பெயரையும் பதிய வேண்டாம். ஆங்கிலம் பழக கான் அகாடமி கிட்ஸ், அதிலும் கட்டணம், விளம்பரம் இரண்டும் இல்லை. பெரிய பிள்ளைகளின் அறிவியலுக்கு ஃபெட் (PhET), சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் சிமுலேஷன்கள். நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதன் செயலிக்குச் சிறு விலை உண்டு, இணையதளத்தில் இலவசம். பல சிமுலேஷன்கள் தமிழிலும் இருக்கின்றன.

காசு கொடுத்து வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல செயலிக்கு உழைத்தவர்களுக்குப் பணம் போகத்தான் வேண்டும். ஆனால் அதைப் பள்ளி மொத்தமாகப் பேசி வாங்கட்டும். ஐபேட் இருக்கும் பள்ளிகள் ஒரே செயலியை 20 பிரதிக்கு மேல் ஆப்பிளின் கல்வித் திட்டத்தில் வாங்கினால், பல செயலிகள் பாதி விலைக்கே கிடைக்கும். தனியாக ஒரு அம்மாவுக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அச்சடித்த பாடநூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. கற்றல் செயலியின் சந்தாவுக்கு மட்டும் 18 சதவீதம். இட்லி விற்ற காசில் அதையும் சேர்த்துத்தான் அக்கா கட்டியிருக்கிறார்.

ஆசிரியர்களாக இருக்கும் நண்பர்களே, உங்கள் வகுப்புக்கு மூன்றே மூன்று செயலிகளைப் பத்து நாள் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பாருங்கள். தேறியவற்றின் பெயரை எழுதி, நெட் வேண்டுமா, எந்த மொழி, எப்போது பணம் கேட்கும் என்பதைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

தாராவியில் இருப்பவர்கள் இந்த ஞாயிறு மாலை 4 மணிக்கு மேல் வகுப்புக்கு வாருங்கள். போனையும் எடுத்து வாருங்கள். ஆட்டோபேயில் என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்போம். அந்த அக்காவும் தன் தெருவிலிருந்து நான்கு பேரைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.