ஆடிய அம்மாவின் மகள்

ஒரு பெண் பதக்கம் வாங்கிவிட்டால் மறுநாள் செய்தித்தாளில் அவளுடைய அம்மாவும் வந்துவிடுகிறார். நகையை அடகு வைத்தார், இருட்டோடு எழுந்து சமைத்துக் கொடுத்தார், மைதானத்தின் ஓரத்தில் மணிக்கணக்கில் காத்திருந்தார் என்று எழுதுகிறார்கள். எல்லாம் உண்மைதான். ஒலிம்பிக் வாள்வீச்சில் இறங்கிய முதல் இந்தியர், 2021இல் டோக்கியோ போன நம் பவானி தேவி. அவருக்கு அப்படி ஓர் அம்மா இருந்தார். வைஷாலியும் பிரக்ஞானந்தாவும் ஆடப்போன இடமெல்லாம் கூடவே போன நாகலட்சுமி அம்மாவை அறியாதவர் இல்லை. இவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனாலும் இந்தப் புகழ்ச்சியில் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அம்மா எப்போதும் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறார். அவருக்கு அந்த ஆட்டம் பிடிக்குமா, அவரும் ஒருகாலத்தில் ஓடினாரா, மட்டை பிடித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. விஸ்வநாதன் ஆனந்துக்கு ஆறு வயதில் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அம்மா சுசீலா. அவருக்கே ஆடத் தெரிந்திருந்தது, ஆட்டம் பிடித்திருந்தது, பிள்ளைக்கும் பிடித்துப்போயிற்று. விட்டுக்கொடுத்த அம்மாக்களைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். ஆடிய அம்மாவைப் பற்றி இன்று நான் பேசப்போகிறேன், எனக்கு வாய்த்த ஆத்தா அப்படிப்பட்டவர் என்பதால்.

ஆத்தா பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடியவர். கம்பளி நூல் சுற்றிய மஞ்சள் பந்து, அணிக்கு ஐந்து பேர். 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்தில் ஆடுகளம். தஞ்சாவூர் அரண்மனையில் பிறந்த ஆட்டம் என்பார்கள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், நடுவில் ஒருத்தி. அந்த நடு ஆள் ஆத்தா. முன்னால் விடுவதையும் அவள்தான் எடுக்க வேண்டும், பின்னால் போவதையும் அவள்தான் கணிக்க வேண்டும். கல்யாணமாகி வந்தபோது முகப்பில் பரப்பிவைத்த சாமான்களில் வெண்கலமும் எவர்சில்வரும் பீங்கானும் இருந்தனவாம். கூடவே இரண்டு பூப்பந்து மட்டைகளும் இருந்தனவாம். அதைப் பார்த்து ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அப்பத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு முற்றத்தில்தான் நான் மட்டை பிடித்தேன். மதியம்வரை அங்கே மிளகாயும் வடகமும் காயும். வெயில் இறங்கியதும் ஆத்தா எல்லாவற்றையும் அள்ளி உள்ளே வைத்துவிட்டு, தூணுக்குத் தூண் கொடிக்கயிற்றைக் கட்டிவிடுவார். அதுதான் வலை. அரை ஆடுகளம்கூட வராது. பந்து மெத்தென்று இருப்பதால் நிலைக்கண்ணாடிக்கும் வண்ணக் கண்ணாடிக்கும் ஆபத்தில்லை என்பது அப்பத்தாவிடம் ஆத்தா வைத்த வாதம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே நிற்பார். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மகளாயிற்றே என்று அவர் ஒரு புள்ளிகூட விட்டுக்கொடுத்ததில்லை. தோற்க மனமில்லாமல் ஆடுவார், வெட்டி அடித்துவிட்டுச் சிரிப்பார். வீட்டு வேலைகளுக்கு நடுவில் நான் பார்த்தேயிராத ஒரு முகம் அது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு விளையாட்டின் மேல் ஆசை வந்தது. உடம்புக்கு நல்லது, ஒழுக்கம் வரும் என்றெல்லாம் சொல்லி யாரும் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை.

நான் வயதுக்கு வந்த பிறகு வீட்டில் பேச்சு மாறியது. வெயிலில் நின்றால் கறுத்துவிடும், கறுத்தால் மாப்பிள்ளை அமையாது, பெண்பிள்ளைக்கு எதற்கு இத்தனை ஓட்டம்? பெரியவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆத்தா யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. சாயங்காலமானால் கயிற்றைக் கட்டினார், அவ்வளவுதான். இதில்தான் ஒரு பெரிய விஷயம் இருப்பதாக நான் நினைக்கிறேன். மகளை விளையாட அனுப்புகிற அம்மாவை நான்கு பேர் தடுத்துவிட முடியும். தானே விளையாடுகிற அம்மாவைத் தடுப்பது அவ்வளவு எளிதில்லை. அது அந்த வீட்டின் வழக்கமாகவே ஆகிவிடுகிறது.

1986 செப்டம்பரை என்னால் மறக்க முடியாது. சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட். ஐந்தாம் நாள் 348 எடுக்க வேண்டிய இந்தியா 347இல் நின்று ஆட்டம் சமனில் முடிந்ததே, அதே டெஸ்ட்தான். பட்டாலைக் கூடத்தில் வானொலியைச் சுற்றி ஆண்கள் உட்கார்ந்திருக்க, ஆத்தா நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டார். ரவி சாஸ்திரி ஒரு ரன் எடுத்துக் கணக்கைச் சமன் செய்துவிட்டு, கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங்கைப் பந்துக்கு எதிரே விட்டது சரியா தவறா என்று அன்று ராத்திரி சாப்பாட்டில்கூட வாதம். எடுத்தது சரிதான், தோல்வி போய்விட்டதே என்பது அவர் கட்சி. அடுத்த இரண்டு வாரத்துக்குள் சியோல் ஆசிய விளையாட்டில் பி.டி. உஷா நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார். அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நூறில் ஒரு பங்கு நொடியில் வெண்கலத்தை இழந்த அதே உஷா. ஆத்தா அந்தப் படத்தை வெட்டி அரிசிக் குதிருக்கு மேலே சுவரில் ஒட்டினார். சாமி படங்களுக்கு மிக அருகில் என்று அதற்கும் ஒரு பேச்சு எழுந்தது.

சேப்பாக்கம் மைதானத்துக்கு எம்.ஏ. சிதம்பரம் பெயர்தான். எங்கள் கானாடுகாத்தான் அரச குடும்பத்துக்காரர், இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக இருந்தவர். செட்டிநாட்டில் இதைப் பெருமையாகச் சொல்லாதவர் இல்லை, நானும் சொல்வேன். அந்தப் பெருமையைப் பேசுகிற வீடுகளில் எத்தனை பெண்கள் ஒரு பந்தையாவது கையால் தொட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது மனம் கசந்துவிடுகிறது.

நான் பெரிய வீராங்கனை இல்லை. மாவட்ட அளவோடு நின்றவள். என் பெயரில் பெட்டிச் செய்திகூட வந்ததில்லை. ஆனால் ஐம்பதைத் தொட்டபிறகும் காலையில் இறகுப்பந்து ஆடிவிட்டுத்தான் என் நாள் தொடங்குகிறது. பதக்கம் வாங்காத மகள்களுக்கும் அம்மாக்கள் கொடுத்துவிட்டுப் போவது இதைத்தான், இதை யாரும் எழுதுவதில்லை. சென்ற ஆண்டு, 2025 நவம்பர் 2ஆம் தேதி இரவு, பெண்கள் உலகக் கோப்பை இறுதிப் போட்டி மழையால் தாமதமாகத் தொடங்கி நள்ளிரவைத் தொட்டது. எழுபதைத் தாண்டிய ஆத்தா கண் மூடவில்லை. ஷெபாலி வர்மா 87 அடித்ததைவிட, அணித்தலைவி ஹர்மன்பிரீத் அவளிடம் பந்தைக் கொடுத்ததைத்தான் கொண்டாடினார். அவள் பந்துவீசுவாள் என்று எதிரணி நினைத்தே இருக்காது என்றார். வந்தவுடன் இரண்டு விக்கெட் விழுந்தது. நடு ஆளாக நின்று ஆட்டத்தைப் படித்தவருக்கு அந்தக் கண் போகவே இல்லை.

இப்போது எங்கள் ஊர்ப் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியே காரைக்குடியில் இருக்கிறது. அப்படியும் பத்தாம் வகுப்பு வந்தால் விளையாட்டு பீரியடைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் அம்மாக்கள். கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்ற வேண்டுமானால், அவர்கள் ஒருமுறையாவது மூச்சிரைக்க ஓடியிருக்க வேண்டும். விளையாட்டு விழாவில் பெற்றோர் போட்டி என்று வைக்கிறீர்களே, அப்பாக்களுக்குக் கயிறு இழுத்தல், அம்மாக்களுக்குக் கரண்டியில் எலுமிச்சம்பழம். நாற்பது வயதுப் பெண்ணை ஏன் பழம் விழுந்துவிடாமல் மெல்ல நடக்கச் சொல்கிறீர்கள்? நூறு மீட்டர் ஓட்டம் வையுங்கள். சேலையில் வருபவர் சேலையில் ஓடட்டும், சுடிதாரில் வருபவர் சுடிதாரில் ஓடட்டும். பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தட்டும்.

வார இறுதியில் மைதானம் தரத் தயாராக இருக்கும் பள்ளி எதுவானாலும் எனக்குச் செய்தி அனுப்புங்கள். வலையும் மட்டைகளும் நான் கொண்டுவருகிறேன், வருகிற அம்மாக்களுக்குப் பூப்பந்து சொல்லித்தருகிறேன். புள்ளி எழுத ஆத்தா வருகிறார். முட்டிவலி இருப்பதால் உட்கார ஒரு நாற்காலி மட்டும் போட்டுவையுங்கள்.