எல்லாச் சிந்தசைசரிலும் விரலுக்கு விரல் சுரம் வளைந்துவிடாது

"சீபோர்ட் போன்ற தொடுஉணர் கீபோர்டை மிடி வயரில் மாட்டினால், எந்தப் பழைய சிந்தசைசரிலும் ஒவ்வொரு சுரத்தையும் தனியாக வளைக்கலாம்" என்றொரு வாட்ஸ்அப் தகவல் கொழும்பு இசைக்குழுக்களிடையே சுற்றுகிறது. அது சரியல்ல. (மிடி என்பது மின்னணு இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் முறை; வளைப்பது என்றால் சுருதியை வழுக்கி ஏற்றி இறக்குவது.)

இத்தகைய கீபோர்டுகள் பயன்படுத்துவது 2018இல் ஏற்கப்பட்ட எம்.பி.இ. (MIDI Polyphonic Expression) முறை. இதில் ஒவ்வொரு சுரமும் தனி மிடி சனலில் (கட்டளைகள் போகும் 16 தடங்களில் ஒன்றில்) போகும்: வழக்கமாக 1 எல்லாச் சுரங்களுக்குமான பொதுக் கட்டளைகளுக்கு, 2 முதல் 16 வரை சுரங்களுக்கு. ஒரே சனலை மட்டும் கேட்கும் சிந்தில் பல சுரங்கள் ஒலிக்கவே மாட்டா. எல்லாச் சனல்களையும் ஒன்றாகக் கேட்கும் ஓம்னியில் வைத்தாலோ, ஒரு விரலை அசைக்க முழுக் கோர்டும் வழுக்கும். பெண்ட் அளவு (சுருதி அதிகபட்சம் வளையும் தூரம்) கீபோர்டில் 48 அரைச்சுரம், சிந்தில் 2 என்றிருந்தால் இழுப்பது காதில் படுவதே அரிது.

பழசெல்லாம் வீண் என்றுமில்லை: பல சனல்களில் தனித்தனி பார்ட் (தனியாக ஒலிக்கும் பகுதி) வைக்கும் மாடலென்றால், எல்லாவற்றிலும் அதே டோனை மோனோவில் (ஒரு நேரத்தில் ஒரே சுரம்) போட்டு ஒப்பேற்றலாம். வாங்கமுன் மெனுவலிலுள்ள மிடி இம்ப்ளிமென்டேஷன் அட்டவணையை (கருவி எந்த மிடி கட்டளைகளை ஏற்கும் என்ற பட்டியலை) பாருங்கள். எம்.பி.இ. முறையின் முழு விவரம் மிடி சங்கத்தின் தளத்தில் உண்டு. அந்தத் தகவலை இனி ஃபோர்வர்ட் பண்ண வேண்டாம்.